இருவர் கயாக்: மூன்று படகுக்கு நடுவே முடிவு எடுக்க முடியவில்லை

கரையோரம் எழுதியது:

வணக்கம். நானும் என் மச்சானும் சேர்ந்து தூண்டில் போட ஒரு இருவர் கயாக் வாங்கப் பார்க்கிறோம். பெரும்பாலும் பெரிய ஏரி, அவ்வப்போது கழிமுகம். அலை உடைகிற கடலுக்குப் போகும் எண்ணம் இல்லை. மச்சானுக்கு எல்லா வாரமும் ஒழியாது, அதனால் நான் மட்டும் எடுத்துப் போகிற நாளும் நிறைய இருக்கும்.

சுற்றிச் சுற்றி மூன்று படகில் வந்து நிற்கிறோம். மூன்றுமே மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை.

அ) 12 அடி நீளம், 34 அங்குல அகலம். துடுப்பு மட்டும். 27 கிலோ. கொள்ளளவு 195 கிலோ.

ஆ) 13.5 அடி, 36 அங்குலம். இருவருக்கும் பெடல், பின்னால் சுக்கான். வெறும் படகே 48 கிலோ. கொள்ளளவு 250.

இ) 12.5 அடி, 41 அங்குலம். துடுப்புதான், ஆனால் பின்முனையில் மின்மோட்டார் மாட்ட இடம் இருக்கிறது. இருக்கைகள் முன்னும் பின்னும் நகரும். 37 கிலோ. கொள்ளளவு 295.

என் எடை 84, மச்சான் 78. எனக்கு ஆ மேல் ஆசை. மச்சானுக்கு நின்றுகொண்டு வீச வேண்டும், அதனால் அவன் இ என்கிறான். விலையை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டுச் சொல்லுங்கள், எது சரி?


நீர்க்கோடு எழுதியது:

முதலில் எடைக் கணக்கைப் போட்டுவிடுவோம். பாதி விவாதம் அதிலேயே முடிந்துவிடும்.

நீங்கள் இருவரும் 162 கிலோ. ஐஸ் பெட்டி ஐஸோடு 12, கோல், ரீல், இரைப்பெட்டி எல்லாம் சேர்த்து 8, ஃபிஷ் ஃபைண்டரும் (நீருக்கடியில் மீன் இருக்கும் இடம் காட்டும் கருவி) அதன் பேட்டரியும் 4, நங்கூரமும் கயிறும் 3, குடிதண்ணீர் 4, துடுப்பு, லைஃப் ஜாக்கெட், மற்ற சில்லறைச் சாமான் 5. ஆக 198 கிலோ. பெடல் இரண்டு என்றால், ஒன்றுக்கு ஏழு கிலோ வீதம் 14 கூடும். 212.

கொள்ளளவு என்று போட்டிருக்கும் எண் படகு தாங்கக்கூடிய உச்சம். அந்த எடையில் அது நன்றாக ஓடும் என்று பொருள் இல்லை. எழுபது சதவீதத்துக்குள் நிற்பது நல்லது என்பது கயாக் ஓட்டுகிறவர்கள் வெகுநாளாகக் கையாளும் கணக்கு. அதன்படி அ படகுக்கு 136 கிலோ. நீங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்தாலே தாண்டிவிட்டது, சாமானோடு பார்த்தால் முழுக் கொள்ளளவும் போதவில்லை. அதை இப்போதே கழித்துவிடுங்கள். ஆ படகுக்கு 175. நீங்கள் 212, அதாவது 85 சதவீதம். இ படகுக்கு 206; நீங்கள் 198. மோட்டாரும் பேட்டரியும் ஒரு 18 கிலோ சேர்த்தால்கூட 73 சதவீதத்தில் நிற்கிறது.

85 சதவீதம் என்றால் என்ன ஆகும்? மூழ்காது. ஆனால் உட்காரும் தளம் நீர்மட்டத்துக்குப் போதிய உயரத்தில் இருந்தால்தான் ஸ்கப்பர் ஓட்டை, அதாவது தளத்தில் இருக்கும் வடிகால் துளை, வழியே தண்ணீர் வடியும். படகு அமுங்கினால் அதே ஓட்டை வழியே தண்ணீர் மேலே ஏறும். அடைப்பான் போட்டு நிறுத்தலாம். அப்புறம் அலையில் தெறித்து விழும் தண்ணீர் போக வழியில்லாமல் காலடியில் தேங்கும். அதோடு அமுங்கிய படகு மந்தமாகத் திரும்பும், சின்ன அலைக்கே முன்முனை தண்ணீர் அள்ளும்.

ஒன்றை மட்டும் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த 250 என்பது இருக்கை, பெடல் எல்லாம் மாட்டிய பிறகு மிச்சமா, மாட்டுவதற்கு முன்பா? ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். முன்பு என்றால் இருக்கைகளின் எடையும் உங்கள் கணக்கில் ஏறும்.


வலைவீசி எழுதியது:

நான் வேறு வழி சொல்கிறேன். ஆளுக்கு ஒரு ஒற்றைக் கயாக் வாங்குங்கள்.

தனியாகப் போகிற நாள் நிறைய என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, மச்சான் வருகிற நாளுக்காக 48 கிலோவை வருஷம் முழுக்க நீங்கள் ஏன் தூக்க வேண்டும்? இரண்டு ஒற்றைப் படகு என்றால் ஆளுக்கு ஒரு கரையைத் தேடிப் போகலாம், ஒருவருக்கு மீன் கிடைக்கிற இடத்தை மற்றவருக்குக் கத்திச் சொல்லலாம், ஒருவர் கவிழ்ந்தால் தூக்கிவிட இன்னொரு படகு பக்கத்திலேயே இருக்கும். இருவர் படகு கவிழ்ந்தால் இருவரும் தண்ணீரில்.


கரையோரம் எழுதியது:

அண்ணே, அதையும் யோசித்தோம். மச்சானுக்குத் தோளில் பழைய அடி. வெகுதூரம் துடுப்பு போட முடியாது. காற்று எதிரே அடித்தால் அவன் திரும்பி வருவது என் பொறுப்பு. ஒரே படகு என்றால் நான் இழுத்துக்கொள்வேன். அதோடு பேச்சுத்துணைக்குத்தான் பாதி போவதே.

@நீர்க்கோடு, கணக்கு பளிச்சென்று இருக்கிறது. அ போயிற்று.


பெடல்பித்தன் எழுதியது:

தோள் வலி என்றால் விவாதமே தேவையில்லை, பெடல்தான். காலின் பெரிய தசைகள் தோளைப் போலச் சீக்கிரம் ஓயாது. அதைவிட முக்கியம், கை இரண்டும் சும்மா இருக்கும். மிதித்துக்கொண்டே வீசலாம், காற்றில் ஒரே இடத்தில் நிற்கலாம், மீன் இழுக்கும்போது படகைப் பின்னால் எடுக்கலாம். துடுப்புக்காரர் கோலைக் கீழே வைத்துத் துடுப்பை எடுப்பதற்குள் படகு கரைப் புதருக்குள் போயிருக்கும்.

பெடலில் இரண்டு குடும்பம் உண்டு. ஹோபி நிறுவனத்தின் மிராஜ் டிரைவ் 1997இல் வந்தது: அடியில் இரண்டு சிறகு பக்கவாட்டில் மாறி மாறி அடிக்கும். இன்னொன்று புரொப்பெல்லர், மிதிவண்டி போலச் சுற்றி மிதிப்பது. புரொப்பெல்லரில் பின்னால் மிதித்தால் படகு பின்னால் போகும், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. சிறகு வகையில் அந்த வசதி பின்னாளில் சில மாடல்களில்தான் வந்தது. ஆனால் ஆழம் குறைந்த இடத்தில் சிறகை அடிப்பக்கத்தோடு ஒட்டி மடக்கிக்கொண்டு மிதந்து போய்விடலாம். புரொப்பெல்லர் தண்டு அரை மீட்டர் அளவுக்குக் கீழே தொங்கும், அதை மேலே தூக்கித்தான் வைக்க வேண்டும். பாசியும் நூலும் சுற்றிக்கொள்வதும் அதில்தான் அதிகம்.

கழிமுகத்தில் நீர் வற்றும் நேரம் போவீர்களானால் சிறகு வகையைப் பாருங்கள்.


நீர்க்கோடு எழுதியது:

பெடலைப் பற்றி நண்பர் சொன்னதில் மறுக்க ஒன்றும் இல்லை. அவர் விட்டுவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது: பெடல் எங்கே இருக்கிறதோ, நீங்களும் அங்கேதான் உட்கார வேண்டும்.

தனியாகப் போகும் நாளில் பின் இருக்கையில் 84 கிலோ, முன்னால் ஒன்றுமில்லை. பின்முனை அமுங்கி முன்முனை மேலே எழும். எழுந்த முனையைக் காற்று பிடித்துக் காற்று போகும் பக்கமே தள்ளும். சுக்கானை ஒரு பக்கமாகவே பிடித்துக்கொண்டு நாள் முழுக்கப் போராட வேண்டியிருக்கும். 20 லிட்டர் கேனில் தண்ணீர் பிடித்து முன் அறையில் கட்டிவைத்தால் ஓரளவு சரியாகும். இ படகில் இருக்கை நகரும் என்கிறீர்களே, தனியாகப் போகும் நாளில் அதை நடுவுக்குக் கொஞ்சம் பின்னே இழுத்துவிட்டால் போதும். படகு சமமாக உட்காரும். உங்களுக்குத் தனி நாள்தான் அதிகம் என்றால், பெடலைவிட இது பெரிய விஷயம் என்பது என் கருத்து.

அகலத்துக்கு வருவோம். எல்லாரும் 34, 36, 41 என்று எண்ணைப் பார்த்து "இரண்டு அங்குலம்தானே" என்கிறார்கள். படகு ஆரம்பத்தில் சாய மறுக்கும் வலிமை, நீர்மட்ட அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. மற்றதெல்லாம் சமம் என்றால் 34ஐ விட 36இல் அது 19 சதவீதம் கூடும். 41இல் 75 சதவீதம்! மச்சான் நிற்க வேண்டும் என்றால் வித்தியாசம் இங்கேதான்.

ஆனால் இதை இருக்கை உயரம் அப்படியே திருப்பி வாங்கிக்கொள்ளும். ஆ படகில், படகையும் சேர்த்த மொத்த எடையில் நீங்கள் இருவரும் ஐந்தில் மூன்று பங்குக்குக் கொஞ்சம் மேல். இருவரையும் 10 செ.மீ. உயர்த்தினால் மொத்தத்தின் மையம் சுமார் 6 செ.மீ. மேலே போகும். நான் போட்ட தோராயக் கணக்கில், 34இலிருந்து 36க்குப் போய்க் கிடைத்த லாபத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடுகிறது. உயர இருக்கை முதுகுக்கு நல்லது, தண்ணீருக்குள் பார்ப்பதற்கும் நல்லது, சந்தேகமில்லை. ஆ படகில் இருக்கைக்கு இரண்டு உயரம் இருந்தால், அலை இருக்கும் நாளில் கீழே இறக்கிவையுங்கள்.

நீளம் பற்றி ஒரு வார்த்தை. நீர்க்கோட்டு நீளம், அதாவது தண்ணீரைத் தொடும் நீளம், 12 அடி இருந்தால் படகு தானே எழுப்பும் அலையின் எதிர்ப்பு சட்டென்று ஏறத் தொடங்கும் வேகம் மணிக்குச் சுமார் 8.6 கி.மீ. 14 அடி என்றால் 9.3. மீன்பிடிக்கப் போகிறவர் நான்கு, ஐந்து கி.மீ.க்கு மேல் போவதில்லை. ஆகவே "நீளமான படகு வேகம்" என்று சொல்லி யாராவது விற்றால் அதற்காக வாங்க வேண்டாம். அந்த மெதுவான வேகத்தில் உங்களைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் நனைந்த பரப்பின் உராய்வுதான், அதில் 41 அங்குலம் நிச்சயம் கனமாக இருக்கும். நீளம் தரும் உண்மையான லாபம் இரண்டு: நேராக ஓடும், இருக்கைகளுக்கு நடுவே இடம் கிடைக்கும்.


தனித்துடுப்பு எழுதியது:

அந்த "இருக்கைகளுக்கு நடுவே இடம்" என்பதைத்தான் எழுத வந்தேன். நானும் கணவரும் இருவர் படகில் பல வருஷமாகப் போகிறோம், எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளில் கணிசமான பங்கு அந்த இடைவெளியால் வந்தது.

இடைவெளி குறைவாக இருந்தால் துடுப்பு துடுப்போடு முட்டும். முன்னால் இருப்பவர் தாளம் வைக்க, பின்னால் இருப்பவர் அதையே பார்த்துப் போட்டால் முட்டாது. ஆனால் தூண்டில் போடும் நாளில் யார் தாளம் பார்க்கிறார்கள்? ஒருவர் வீசிக்கொண்டிருக்க, மற்றவர் இரண்டு முறை போடுவார், நிறுத்துவார், திருப்புவார்.

வீசுவதுதான் பெரிய தலைவலி. ஏழடிக் கோலைத் தலைக்கு மேலே பின்னால் கொண்டுபோய் வீசினால், முன்னால் இருப்பவரின் முள் பின்னால் இருப்பவரின் முகத்துக்கு நேரே வரும். மூன்று கிளை முள் கொண்ட லூரை (செயற்கை இரை) கண்ணுக்குப் பக்கத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு: படகின் முன்முனையைக் கடிகாரத்தின் 12 என்று வைத்தால், 10 முதல் 2 வரை முன்னால் இருப்பவருக்கு. பக்கவாட்டும் பின்பக்கமும் மற்றவருக்கு. தலைக்கு மேல் வீச்சு கிடையாது, பக்க வீச்சு மட்டும். இருவருக்கும் கண்ணாடியும் தொப்பியும் கட்டாயம். மீன் மாட்டினால் மற்றவர் உடனே தன் நூலைச் சுற்றிவிட வேண்டும், பேச்சே இல்லை.

வாங்குவதற்கு முன் இருவரும் கோலோடு உட்கார்ந்து பாருங்கள். கோல் தாங்கிகள் எங்கே இருக்கின்றன? பல படகுகளில் எல்லாத் தாங்கியும் பின் இருக்கைக்குப் பின்னால்தான். முன்னால் இருப்பவர் தன் இரண்டாவது கோலை எடுக்கப் பின்னால் இருப்பவரைக் கெஞ்ச வேண்டும்.

நிற்பது பற்றி: 41 அங்குலத்தில் ஒருவர் நிற்கலாம், மற்றவர் அசையாமல் உட்கார்ந்திருந்தால். இருவரும் சேர்ந்து நிற்கலாம் என்று விளம்பரப் படத்தில் காட்டினால் நம்ப வேண்டாம். ஒருவர் மீனை எடுக்கக் குனியும்போது மற்றவருக்கு அது தெரியாது, பாருங்கள்.


கரையோரம் எழுதியது:

10 முதல் 2 வரை ஏற்பாட்டை மச்சானிடம் படித்துக் காட்டினேன். தான்தான் முன்னால் என்று இப்போதே துண்டு போட்டுவிட்டான். எடை கூடியவர் பின்னால் இருப்பதுதான் சரி என்று படித்தேன், உண்மையா?

இன்னொரு கேள்வி. 48 கிலோவைக் கார் கூரையில் ஒரே ஆளாக ஏற்ற முடியுமா?


வலைவீசி எழுதியது:

பின்முனை கொஞ்சம் அமுங்கியிருந்தால் படகு நேராகப் போகும், அதனால் கனமானவர் பின்னால். ஆறு கிலோ வித்தியாசம் பெரிதல்ல, ஐஸ் பெட்டியை நகர்த்தினாலே சரியாகிவிடும். திருப்புகிற வேலை பின்னால் இருப்பவருக்கு என்பதால், தோள் நன்றாக இருக்கும் நீங்கள் அங்கே இருப்பதுதான் நியாயம்.

ஏற்றும் விஷயம். முழுதாகத் தூக்க வேண்டியதில்லை. முன்முனையைப் பின்கம்பியில் சாய்த்துவிட்டு, பின்முனையைத் தூக்கித் தள்ள வேண்டும். அந்த முறையில் ஒரு நேரத்தில் பாதி எடைக்கு மேல் கையில் வராது. இருந்தாலும் 48இல் பாதியை, தோள் உயரத்துக்கு, காலையில் புது உற்சாகத்தோடு தூக்குவது வேறு, மாலையில் வெயிலில் காய்ந்துபோய்த் தூக்குவது வேறு. பழைய துண்டு ஒன்றைக் கார் பின்பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள், பெயின்ட் தப்பும். காரின் கையேட்டில் கூரை தாங்கும் எடையையும் பாருங்கள். பல கார்களில் கம்பியோடு சேர்த்து 75 கிலோ, சிலவற்றில் அதைவிடக் குறைவு.

பட்டையை இறுக்கிக் கொல்லவும் வேண்டாம். பாலிஎத்திலீன் வெயிலில் இளகும், இறுக்கிய இடத்தில் பள்ளம் விழும். முன்னும் பின்னும் கயிறு கட்டினால் பட்டையை அவ்வளவு இறுக்கத் தேவையே இருக்காது.

காரிலிருந்து தண்ணீர் வரை எவ்வளவு தூரம்? தள்ளுவண்டி கட்டாயம். மணல் என்றால் காற்று நிரப்பிய உருண்டைச் சக்கரம். மெல்லிய சக்கரம் மணலில் புதைந்து உங்களையே திட்ட வைக்கும்.

இத்தனைக்கும் பிறகு சொல்கிறேன், ஆளுக்கு ஒரு ஒற்றைப் படகு!


ஈரச்சட்டை எழுதியது:

யாரும் கவிழ்வதைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை.

அகலமான படகு சுலபத்தில் கவிழாது. ஆனால் கவிழ்ந்துவிட்டால் தலைகீழாகவும் அதே உறுதியோடு நிற்கும். 41 அங்குலப் படகைத் தண்ணீரில் மிதந்தபடி ஒரு ஆள் நிமிர்த்துவது லேசான காரியம் இல்லை. பக்கவாட்டுப் பிடியில் ஒரு கயிற்றைக் கட்டிவைத்து, அதை அடிப்பக்கத்துக்கு மேலாக எடுத்துப் போட்டு, எதிர்ப்பக்கம் மிதந்தபடி அடியில் காலை ஊன்றி உடம்பைப் பின்னால் சாய்த்து இழுக்க வேண்டும். பெடல் மாட்டியிருந்தால் அது மேலே நீட்டிக்கொண்டிருக்கும், தலையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது ஒருவர் எதிர்ப்பக்கம் பிடித்துத் தொங்க, மற்றவர் வயிறு படிய ஏறி, புரண்டு உட்கார வேண்டும். அப்புறம் அவர் எதிர்ப்பக்கம் சாய்ந்து கொடுக்க, அடுத்தவர் ஏற வேண்டும். மச்சானின் தோள் இதற்குத் தாங்குமா என்று இடுப்பளவு தண்ணீரில் செய்து பார்க்காமல் தெரியாது. தொங்கவிட்டு மிதித்து ஏற ஒரு வளையப் பட்டை வைத்துக்கொள்ளுங்கள். தோள் அடிபட்டவருக்கு அது பெரிய உதவி.

லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்குப் பின்னால் சொருகி அல்ல. கோல், பெட்டி, துடுப்பு எல்லாம் கட்டியிருக்க வேண்டும். ஆனால் உங்களைச் சுற்றிக்கொள்ளும் நீளத்தில் கயிறு தொங்கக்கூடாது. ஓட்டமான நீரில் பக்கவாட்டில் நங்கூரம் போடவே கூடாது. முன்முனை அல்லது பின்முனையிலிருந்து மட்டும், சட்டென்று கழற்றிவிடும் முடிச்சோடு. கழிமுகத்தில் நீர் வற்றும்போது இது விளையாட்டல்ல.

இன்னொன்று, மூடிகள். அறை மூடி வழியாக உள்ளே கொஞ்சம் தண்ணீர் போனாலும், படகு சாயும்போது அது சாயும் பக்கமே ஓடிச் சேர்ந்து இன்னும் சாய்க்கும். படகு திடீரென்று தள்ளாடத் தொடங்கினால் முதலில் உள்ளே தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள்.


பெடல்பித்தன் எழுதியது:

இ எடுத்தால் மோட்டார் பற்றி யோசித்துவிடுங்கள். தோளுக்குப் பெடல் இல்லாவிட்டால் மோட்டாராவது வேண்டும். 12 வோல்ட்டில் ஓடும் 55 பவுண்டு உந்துவிசை மோட்டார் முழு வேகத்தில் கிட்டத்தட்ட 50 ஆம்பியர் இழுக்கும். 50 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் ஒரு மணி நேரத்தில் காலி. பாதி வேகத்தில் ஓட்டினால் பல மணி நேரம் வரும், மீனுக்கு அந்த வேகமே போதும். லித்தியம் பேட்டரி ஆறேழு கிலோதான், ஈய பேட்டரி அதைப்போல இரண்டு பங்குக்கு மேல். பேட்டரியை மோட்டாருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். பின்முனையில் நீங்கள், மோட்டார், பேட்டரி எல்லாம் என்றால் நீர்க்கோடு சொன்ன அதே கதைதான். கம்பியைத் தடிமனாக எடுத்து முன்னால் கொண்டுபோங்கள்.

பேட்டரி தீர்ந்துபோனால் துடுப்புதான். ஆகவே துடுப்பில் கரைக்கு வந்து சேரும் தூரத்துக்கு மேல் போக வேண்டாம். பெடலில் இந்தக் கவலையே இல்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன், ஹா ஹா.


கரையோரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஆ, இ இரண்டையும் ஏரியில் இறக்கிப் பார்க்க ஏற்பாடு கிடைத்தது. சாமானுக்குப் பதில் தண்ணீர்க் கேன்களைக் கட்டி எடையைச் சரியாக்கிக்கொண்டோம்.

ஆ அருமையாக ஓடுகிறது, மறுக்கவே முடியாது. மச்சான் மிதித்துக்கொண்டே பாட ஆரம்பித்துவிட்டான். ஆனால் முழு எடையில் முன் இருக்கையின் கீழே ஸ்கப்பர் வழியாகத் தண்ணீர் கணுக்கால் வரை ஏறியது. நான் தனியாகப் பின் இருக்கையில் போனபோது முன்முனை எழுந்து காற்றில் திரும்பிக்கொண்டே இருந்தது. தண்ணீர்க் கேனை முன்னால் தள்ளினதும் பாதி சரியாயிற்று.

இ மந்தம். எதிர்காற்றில் இருவரும் துடுப்பு போட்டும் மூச்சு வாங்கியது. ஆனால் காலடி காய்ந்தே இருந்தது, மச்சான் நின்று வீசினான், இருக்கையை நகர்த்தி நான் தனியாக எடுத்துப் போனபோது படகு சமமாக நின்றது. இடுப்பளவு தண்ணீரில் கவிழ்த்தும் பார்த்தோம். நிமிர்த்த இருவரும் சேர வேண்டியிருந்தது. வளையப் பட்டை இல்லாமல் மச்சானால் ஏற முடியவில்லை, இருந்ததால் ஏறினான். அப்படியென்றால் தனியாகப் போகும் நாளில் நிமிர்த்துவது என் ஒருவன் பாடு. அதைக் கயிற்றோடு தனியாகப் பழகும் வரை கரையை ஒட்டியே போவதாக முடிவு.

இ எடுக்கிறோம், மோட்டாரோடு. துடுப்பு என்ன நீளம் வாங்க வேண்டும்? படகோடு 230 செ.மீ. துடுப்பு கொடுத்தார்கள், பக்கத்தில் முட்டிக்கொண்டே இருந்தது.


தனித்துடுப்பு எழுதியது:

41 அங்குலத்துக்கும் உயர இருக்கைக்கும் 230 எட்டாது. 260 வாங்குங்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது, 250இலிருந்து 260 வரை நகர்கிற வகை கிடைக்கிறது. மச்சானுக்கு இலை சிறியதாக, தண்டு லேசானதாகப் பாருங்கள், தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியும்.


வலைவீசி எழுதியது:

நல்ல முடிவு. தனி நாளுக்கு ஒரு ஒற்றைப் படகு தேடும்போது சொல்லுங்கள், வேறு இழை தொடங்கலாம்.